வாலி பையம்

வாலஸ் மெர்லே பையம் (ஜூலை 4, 1896 – ஜூலை 22, 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டிரெய்லர் வடிவமைப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். வாலி பையம் என்ற சுருக்கப் பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய, உறங்கவும் சமைக்கவும் வசதி கொண்ட சிறு வீட்டு வண்டிகளைத் தயாரித்த ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. அலுமினியத் தகடுகளால் ஆன, வெள்ளி போல் மின்னும், உருண்ட முனைகள் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் வண்டி இருபதாம் நூற்றாண்டின் நன்கு அறியப்பட்ட தொழில்துறை வடிவமைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பையம் தம் வண்டிகளை வாங்கியவர்களுடன் சேர்ந்து மத்திய அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளுக்கு நீண்ட பயணங்களை மேற்கொண்டார். நல்ல சாலைகள் இல்லாத நாடுகளில் நிகழ்ந்த இப்பயணங்கள் நிறுவனத்துக்கு விளம்பரமாகவும், வண்டிகளின் உறுதியைச் சோதிக்கும் களமாகவும் ஒருங்கே அமைந்தன.

சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் டிரெய்லர் என்ற சொல் பெரும்பாலும் டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் பெட்டியையோ, பெரிய சரக்கு வண்டியையோ குறிக்கும். நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களின் வழியே செல்லும் சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் நாள்தோறும் காணப்படும் நீண்ட டிரெய்லர்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கேரவன் என்ற சொல்லோ திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைவூட்டுகிறது. அது பொதுவாகத் தன் சொந்த இயந்திரத்தால் ஓடும் வண்டியாகும்.

இக்கட்டுரையில் டிரெய்லர் என்பது இயந்திரம் இல்லாத, காரால் இழுக்கப்படும் பயண வீட்டையே குறிக்கிறது. கூண்டு வண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தி வைப்பது போல, ஓரிடத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் தனியே எடுத்துச் செல்ல முடியும் என்பது இதன் முக்கியமான வசதி.

இளமை

பையம் ஒரிகன் மாநிலத்தின் பேக்கர் நகரில் பிறந்தார். இவருடைய பெற்றோர் இவரது சிறு வயதிலேயே பிரிந்தனர். இவருடைய பாட்டனார் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளைக் கொண்டு சரக்குப் போக்குவரத்து நடத்தியவர். சிறுவனான பையம் அவருடன் பயணம் செய்ததுண்டு. பதின்ம வயதில் இவர் ஆடு மேய்க்கும் வேலை செய்தார் என்றும், அப்போது கழுதை இழுக்கும் இரு சக்கர வண்டி ஒன்றில் வாழ்ந்தார் என்றும் கூறப்படுகிறது. அந்த வண்டியில் மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர், உணவுப் பொருட்கள், படுக்கை ஆகியன இருந்தன. பிற்காலத்தில் இவர் உருவாக்கிய டிரெய்லர்களின் அடிப்படைத் தேவைகள் அனைத்தும் அந்த வண்டியிலேயே இருந்தன எனலாம்.

பின்னர் சில ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் பணியாற்றினார். குறைந்த இடத்தில் படுக்கை, அலமாரி, சமையலறை ஆகியவற்றை அமைக்கும் முறையைக் கப்பல் வாழ்க்கை இவருக்குக் கற்றுக் கொடுத்தது. அதன் பின் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேலை செய்து கொண்டே படித்து, 1920களின் தொடக்கத்தில் பட்டம் பெற்றார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விளம்பரத் துறையிலும் இதழ் வெளியீட்டிலும் ஈடுபட்டார். இவர் பொறியியல் பட்டதாரி அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

வரைபடத்தில் தொடங்கிய தொழில்

1920களில் அமெரிக்காவில் கார் வைத்திருப்போர் எண்ணிக்கை விரைவாகப் பெருகியது. விடுமுறை நாட்களில் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே முகாமிடும் வழக்கமும் பரவியது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்த டிரெய்லர்கள் குறைவாகவே இருந்ததால், பலர் தம் வீட்டுக் கொல்லையில் தாமே அவற்றைச் செய்து கொண்டனர்.

பையம் நடத்திய இதழ் ஒன்றில் டிரெய்லர் செய்யும் முறையை விளக்கும் கட்டுரை வெளியாயிற்று. அதைப் பின்பற்றிய வாசகர்கள், அதில் உள்ளபடி செய்தால் வண்டி சரியாக அமையவில்லை என்று முறையிட்டனர். பையம் தாமே அந்த வரைபடத்தின்படி ஒரு வண்டியைச் செய்து பார்த்தார். குறை வாசகர்களிடம் இல்லை, வரைபடத்திலேயே உள்ளது என்பது தெரிந்தது. எனவே தாமே புதிய வடிவம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்.

இதற்குக் குடும்பக் காரணமும் ஒன்று கூறப்படுகிறது. இவருடைய முதல் மனைவி மரியன் தரையில் கூடாரம் அடித்துத் தங்குவதை விரும்பவில்லை. ஆகவே பையம் பழைய ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மேல் முதலில் ஒரு மேடையையும், அதன் மேல் கூடாரத்தையும் அமைத்தார். மழையில் அதனை விரிப்பது கடினமாக இருந்ததால், கூடாரத்துக்குப் பதிலாகக் கண்ணீர்த்துளி வடிவில் சிறிய மரக் கூண்டு ஒன்றைக் கட்டினார். அதில் உறங்க இடமும், சிறிய அடுப்பும், குளிர்ப்பெட்டியும் இருந்தன.

வழியில் இவ்வண்டியைக் கண்டவர்கள் அதைப் பற்றி ஆர்வமாக விசாரித்தனர். பையம் அதன் செய்முறையை இதழ்களில் எழுதினார்; விரிவான வரைபடத்தை 5 டாலர் விலைக்கு விற்றார். முழு வண்டியை வாங்க இயலாதவர்களும் வரைபடத்தை வாங்கித் தாமே செய்து கொள்ள முடிந்தது. அடுத்த படியாக அண்டை வீட்டாருக்காகத் தம் வீட்டுக் கொல்லையில் வண்டிகள் செய்து கொடுத்தார். 1931 இல் இது முழுநேரத் தொழிலாயிற்று. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், பலர் தொழிலை மூடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கல்வர் நகரில் தொழிலைத் தொடங்கினார்.

ஆரம்பகால டிரெய்லர்களுள் பலவற்றில் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது. பையம் தரையைச் சக்கரங்களுக்கு இடையே தாழ்த்தியும் கூரையை உயர்த்தியும் உள்ளே நிமிர்ந்து நிற்க வழி செய்தார். வண்டியின் மொத்த உயரம் பெரிதும் கூடாததால் காற்றின் தடையும் அதிகரிக்கவில்லை.

அலுமினிய வண்டி

தொடக்கத்தில் பையம் செய்த வண்டிகள் ஒட்டுப்பலகையாலும் அழுத்த மரப்பலகையாலும் ஆனவை. மர வண்டிகளில் இரண்டு குறைகள் இருந்தன. மேடு பள்ளமான சாலையில் ஏற்படும் அதிர்வினால் மூட்டுகள் தளர்ந்தன. தளர்ந்த மூட்டுகளின் வழியே மழைநீர் புகுந்து பலகை ஊறிக் கெட்டது.

இக்குறைகளுக்கான விடை விமானத் துறையிலிருந்து வந்தது. ஹாலி பௌலஸ் என்பவர் சறுக்கு விமான வடிவமைப்பாளர். 1927 இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானப் பணியை மேற்பார்வையிட்டவர் இவரே. 1934 இல் இவர் விமானத்தின் உடலைப் போன்று அலுமினியத் தகடுகளைத் தரையாணிகளால் இணைத்து, ரோட் சீஃப் என்ற டிரெய்லரை உருவாக்கினார். அதன் கதவு முன்புறம், காருடன் இணைக்கும் கொக்கிக்கு மேலே இருந்தது. விலையும் மிகுதியாக இருந்தது. பௌலசின் நிறுவனம் விரைவிலேயே நொடித்துப் போயிற்று. அந்நிறுவனத்தின் வண்டிகளை விற்று வந்த பையம் அதன் உடைமைகளை வாங்கிக் கொண்டார்.

அந்த வடிவத்தில் பையம் மாற்றங்கள் செய்தார். கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். 1936 இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற பெயரில் அதனை வெளியிட்டார். அக்காலத்தின் புகழ்பெற்ற கடல் விமானங்களின் பெயரை ஒட்டி இப்பெயர் வைக்கப்பட்டது. இவ்வண்டியில் நால்வர் உறங்கலாம். தண்ணீர்த் தொட்டியும் மின்விளக்கும் இருந்தன.

கிளிப்பரின் வெளித்தகடு வெறும் போர்வை மட்டுமன்று. அதுவே சுமையின் ஒரு பகுதியையும் தாங்கியது. முட்டை ஓடு மெல்லியதாக இருந்தும் வளைவினால் வலிமை பெறுவதைப் போன்றது இது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால் வண்டியின் எடை குறைந்தது. எடை குறைந்தால் இழுக்கும் காரின் எரிபொருள் செலவும், அச்சு மற்றும் டயர்களின் தேய்மானமும் குறையும்.

கிளிப்பரின் விலை 1,200 டாலர். இது அக்காலத்தில் ஒரு புதிய ஃபோர்டு காரின் விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். 5 டாலர் வரைபடத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோரால் கிளிப்பரை வாங்கியிருக்க முடியாது. எனினும் தேவை உற்பத்தியை விட அதிகமாகவே இருந்தது. 1930களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 400 டிரெய்லர் நிறுவனங்கள் இருந்தன என்றும், அவற்றுள் இன்றுவரை நிலைத்தது ஏர்ஸ்ட்ரீம் மட்டுமே என்றும் அந்நிறுவனம் கூறி வருகிறது.

போர்க்காலமும் மீள்தொடக்கமும்

இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் விமான உற்பத்திக்கு ஒதுக்கப்பட்டது. தனியார் பயன்பாட்டுக்கான டிரெய்லர் தயாரிப்புக்கும் அரசு தடை விதித்தது. ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை மூடப்பட்டது. பையம் விமானத் தொழிற்சாலைகளில் பணிக்குச் சேர்ந்தார். தொழிலை இழந்த இக்காலத்தில், தகடுகளை இணைக்கும் நுட்பங்களை அவற்றின் பிறப்பிடத்திலேயே நேரில் அறியும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

போருக்குப் பின் சிறிது காலம் கர்டிஸ் ரைட் என்ற பெயரில் வெளிவந்த டிரெய்லர்களின் தயாரிப்பில் பங்கேற்றார். பின்னர் அதிலிருந்து விலகி ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை மீண்டும் தொடங்கினார். 1947 இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் நிறுவனத்துக்குப் பெரும் புகழைத் தந்தது. பிரான்சில் பிறந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆல்பிரட் லெத்தூர்னர் தம் மிதிவண்டியில் ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரைப் பூட்டி இழுப்பதை அது காட்டியது. வண்டியின் எடைக் குறைவை எண்களால் விளக்குவதை விட இப்படம் எளிதாக விளக்கியது. விளம்பரத் துறையில் பையம் பெற்ற அனுபவம் இதில் வெளிப்படுகிறது.

1952 இல் ஒகையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் இரண்டாவது தொழிற்சாலை திறக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைமையிடம் இன்றும் அவ்வூரிலேயே உள்ளது.

கூட்டுப் பயணங்கள்

1951 இன் இறுதியில் பையம் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் ஒரு கூட்டுப் பயணத்தை அறிவித்தார். எதிர்பார்த்ததை விட அதிகமாக, 60க்கும் மேற்பட்ட டிரெய்லர்கள் எல்லையில் திரண்டன. அந்நாடுகளில் அப்போது பல இடங்களில் தார்ச் சாலைகள் இல்லை. பாலங்கள் இல்லாத ஆறுகளையும் செங்குத்தான மலைப் பாதைகளையும் கடக்க வேண்டியிருந்தது. அச்சுகளும் வில்பட்டைகளும் முறிந்தன. இணைப்புக் கொக்கிகள் வளைந்தன. வந்தவர்களுள் பெரும்பாலோர் பயணத்தை முடிக்காமல் இடையிலேயே திரும்பினர்.

வணிக நோக்கில் பார்த்தால் இது ஒரு பின்னடைவு. தம் வண்டிகள் முறிவதை வாடிக்கையாளர்களின் கண்ணெதிரிலேயே காட்டிக் கொடுத்த பயணம் இது. ஆனால் பையம் இதனை வேறு விதமாகப் பயன்படுத்திக் கொண்டார். எந்தப் பகுதி எவ்வகைச் சாலையில் முறிகிறது என்பதைத் தொழிற்சாலைச் சோதனையில் அறிய முடியாது. பயணத்தில் அறிய முடிந்தது. அவ்வாறு கண்ட குறைகள் பின்வந்த வண்டிகளில் திருத்தப்பட்டன.

இதன் பின் ஏறத்தாழ ஆண்டுதோறும் கூட்டுப் பயணங்கள் நடைபெற்றன. பையத்தின் இரண்டாவது மனைவி ஸ்டெல்லாவும் இவற்றில் பங்கேற்றார். 1955 இல் கனடாவின் கென்ட்வில் நகரில் கூடிய பயணிகள் வாலி பையம் கேரவன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பையத்தின் உறவினரான ஹெலன் பையம் ஷ்வாம்போர்ன் இச்சங்கத்தை வளர்த்தெடுத்தார். 1956 இல் ஒரு குழு ஐரோப்பாவில் பயணம் செய்தது.

மின்சாரமும் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் இல்லாத இடங்களில் பல நாட்கள் தங்க நேர்ந்ததால், வெளி இணைப்பு எதுவும் இன்றி இயங்கும் வண்டியின் தேவை தெளிவாயிற்று. 1957 இல் வெளியான இன்டர்நேஷனல் என்ற வகை, தண்ணீர், எரிவாயு, விளக்கு, கழிவுத் தொட்டி ஆகிய அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

ஆப்பிரிக்கப் பயணம்

பையம் தலைமை தாங்கிய பயணங்களுள் மிகவும் அறியப்பட்டது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து எகிப்தின் கெய்ரோ நகருக்குச் சென்ற பயணமாகும். 1959 இல் தொடங்கி 1960 இல் முடிந்த இதில் 41 டிரெய்லர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட மக்களும் பங்கேற்றனர். அவர்களுள் பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர் இருந்தனர். பையத்தின் வண்டி மட்டும் பொன்னிறம் பூசப்பட்டிருந்தது.

ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலையை நெருங்கிக் கொண்டிருந்த காலம் அது. மழைக்காலச் சேற்றில் வண்டிகள் அச்சு வரை புதைந்தன. சாலையே இல்லாத பகுதிகளில் ஒரு வண்டியை மற்றொன்று இழுத்து மீட்க வேண்டியிருந்தது. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலி செலாசி பயணக் குழுவினரைச் சந்தித்தார். எகிப்தியப் பிரமிடுகளின் முன் வெள்ளி வண்டிகள் அணிவகுத்து நிற்கும் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின.

இப்புகைப்படங்களுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஏழ்மை மிகுந்த ஊர்களின் வழியே செல்வந்தர்களின் வண்டிகள் நீண்ட வரிசையில் சென்றன. பயணிகள் உள்ளூர் மக்களுடன் பழக வேண்டும் என்பதைப் பையம் வலியுறுத்தினார். இப்பயணங்கள் நாடுகளிடையே நட்பை வளர்க்கும் என்று நம்பினார். ஆயினும் சென்ற இடமெல்லாம் தம் வீட்டையும் தம் ஊர்க்காரர்களையும் உடன் கொண்டு செல்லும் ஒருவர், அந்நிலத்தை எவ்வளவு நெருங்கி அறிய முடியும் என்ற கேள்வி இவ்வகைப் பயணங்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

பாம்பி: சிறிய வண்டி

1950களில் அமெரிக்காவில் நெடுஞ்சாலைகள் அகன்றதால் டிரெய்லர்களும் நீண்டு கொண்டே சென்றன. இதற்கு நேர்மாறாக, 1961 இல் ஏர்ஸ்ட்ரீம் 16 அடி நீளமே கொண்ட பாம்பி என்ற வண்டியை வெளியிட்டது. ஒற்றை அச்சு கொண்ட இதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சமையலிடம், படுக்கை, கழிப்பறை ஆகிய மூன்றும் இதில் அடங்கின.

இப்பெயர் வால்ட் டிஸ்னியின் திரைப்படத்திலிருந்து வந்ததென்று பலர் எண்ணுவர். ஆனால் அங்கோலா நாட்டு மக்களின் மொழியில் ஒரு வகைச் சிறு மானைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது பெறப்பட்டது என்று நிறுவனம் விளக்குகிறது. கரடுமுரடான நிலத்திலும் கால் வழுவாமல் செல்லும் உறுதியான மான் அது. ஆப்பிரிக்கப் பயணத்தின் போது பையம் இச்சொல்லை அறிந்தார்.

நீண்ட வண்டி மலைப்பாதையின் வளைவுகளில் திரும்பாது. அச்சுக்கும் பின்முனைக்கும் இடையே தொலைவு கூடினால் பள்ளத்தில் இறங்கும்போது பின்பகுதி தரையில் உரசும். எடை மிகுந்த வண்டி சேற்றில் எளிதில் புதையும். எனவே கடினமான நிலத்துக்குச் சிறிய வண்டியே ஏற்றது. இரு பதின்மங்களுக்கும் மேலாகப் பெரிய வண்டிகளை விற்ற பிறகு, பையத்தின் நிறுவனம் மீண்டும் கண்ணீர்த்துளி வண்டியின் அளவை நெருங்கி வந்தது. நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு பாம்பி வண்டியைத் தன் சேகரிப்பில் கொண்டுள்ளது.

மறைவு

பையம் தம் பயண அனுபவங்களையும் டிரெய்லர் பயணத்துக்கான நடைமுறை அறிவுரைகளையும் தொகுத்து 1960 இல் ஒரு நூலை வெளியிட்டார். உலகைச் சுற்றி வரும் கூட்டுப் பயணம் ஒன்றையும் திட்டமிட்டார். ஆனால் மூளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, ஜூலை 22, 1962 அன்று தமது 66 ஆம் அகவையில் காலமானார்.

இவர் திட்டமிட்ட உலகப் பயணம் இவர் இல்லாமலே நடந்தேறியது. 1963 இல் சிங்கப்பூரில் தொடங்கிய அப்பயணத்தில் 105 டிரெய்லர்கள் பங்கேற்றன. இந்தியா, ஆப்கானித்தான், சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட நாடுகளைக் கடந்து 1964 இல் போர்த்துகலில் அது முடிவுற்றது. இதன் வழியாகவே பையத்தின் பெயர் தாங்கிய பயணக் குழு இந்தியச் சாலைகளுக்கு வந்தது.

பிற்கால வரலாறு

1967 இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை பியாட்ரிஸ் ஃபுட்ஸ் என்ற உணவுப் பொருள் நிறுவனம் வாங்கியது. 1969 இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவிலிருந்து திரும்பியபோது, அவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கப் பயன்பட்ட அறை ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதாகும். 1970களில் எண்ணெய் விலை உயர்வினால் டிரெய்லர் சந்தை சரிந்து, நிறுவனம் இழப்பில் வீழ்ந்தது. 1980 இல் வேட் தாம்சன், பீட்டர் ஆர்த்வைன் ஆகிய இருவரும் அதனை வாங்கி தோர் இண்டஸ்டிரீஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கினர்.

கரடுமுரடான நிலத்துக்கான சிறிய டிரெய்லர்கள் இன்று தனியொரு சந்தைப் பிரிவாக வளர்ந்துள்ளன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனமும் 2007 இல் பேஸ்கேம்ப் என்ற சிறிய வண்டியை வெளியிட்டுச் சில காலத்தில் நிறுத்தியது. 2016 இல் அதனை மறுவடிவமைத்து மீண்டும் கொண்டுவந்தது. இந்தியாவில் இழுவை வகை டிரெய்லர்களை விட, சிற்றுந்து போன்ற வண்டிகளின் மேல் கட்டப்படும் கேரவன்களே மிகுதி. 2021 இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது.

மதிப்பீடு

அலுமினிய உடலை முதலில் உருவாக்கியவர் பௌலஸ். பையம் அதனைத் திருத்தியவர். டிரெய்லரைக் கண்டுபிடித்தவரும் பையம் அல்லர். மற்றவர் செய்ததில் உள்ள குறையைப் பயன்படுத்துவோரிடமிருந்து கேட்டறிந்து திருத்தியதே இவரது தனித்தன்மை எனலாம். தவறான வரைபடத்தைப் பற்றிய வாசகர்களின் முறையீட்டில் இவரது தொழில் தொடங்கியது. முறிந்த அச்சுகளுடன் மத்திய அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களின் அனுபவம் அதனை வளர்த்தது. இவர் நடத்திய பயணங்களில் இவரும் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டே சென்றார் என்பதால், வாடிக்கையாளர் அடைந்த இடர்கள் இவருக்கும் நேர்ந்தன. கழுதை வண்டியில் தொடங்கிய இவரது வாழ்வு, கரட்டு நிலத்தில் நடக்கும் மானின் பெயர் கொண்ட சிறு வண்டியுடன் நிறைவுற்றது.